ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் உங்கள் பஜாவின் கழுத்தைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பஜா பைக் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் கூடாரத்தையும் பைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நண்பர்களோடு புறப்பட்டுவிடுவார். புத்தளம் றோட்டில் 80இல் போய்க்கொண்டிருந்து அக்சிலேட்டரை விடும்போது ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்கிறதாம். போன மாதம் மீமுரேப் பக்கம் ஒரு கல்லுப் பாதையில் இறங்கும்போது முன் டயர் ஒரு கல்லில் மோத, ஹேண்டில் கையிலிருந்து பறிபட்டுப் பெருவிரல் சுளுக்கிவிட்டது. பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் எந்த பைக்குக்கும் பொருந்தும் என்று சொல்லி நீளக் குழாய் மாதிரியான ஸ்டெபிலைசர், அதாவது ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் சாமான், ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் ஹேண்டிலுக்கு நடுவில் பூட்டுகிற வட்ட வகை அதைவிடப் பல மடங்கு விலை. எதை வாங்கலாம் என்பது கேள்வி. வயது 27 என்று எழுதியிருப்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

தம்பி, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. நல்ல தார் றோட்டில் ஹேண்டில் தானாக அடிப்பது ஒன்று. கல்லில் பட்டு ஹேண்டில் பறிபடுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் வண்டியில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது என்பதற்கான அறிகுறி. இரண்டாவது, எந்தப் பிழையும் இல்லாத வண்டியிலும் நடக்கும். ஓஃப் ரோட் பைக்குகளுக்கு ஸ்டெபிலைசர் பூட்டுவதே முக்கியமாக அந்த இரண்டாவதுக்காகத்தான். இரண்டையும் ஒரே சாமானால் தீர்த்துவிடலாம் என்று நினைத்துப் பூட்டினால், முதல் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

கொட்டாஞ்சேனையில் 24 வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லிலும் சாலியபுர கஜபா சுப்பர்குரோஸிலும் பந்தயம் ஓடின பையன்களுக்கு வண்டி தயார்செய்து, பிட்டில் நின்றும் இருக்கிறேன். உங்கள் பஜா மாதிரி தார் றோட்டிலும் கல்லுப் பாதையிலும் ஓடும் பழைய ட்ரெயில் பைக்குகள்தான் என் கைக்கு அதிகம் வருபவை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். ஆனால் உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் வண்டியில் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தச் சாமான் என்ன செய்கிறது என்பது விளங்க வேண்டும். பலர் இது ஹேண்டிலை நேராக்கிவிடும் என்று நினைக்கிறார்கள். ஹேண்டிலை நேராகத் திரும்பவைப்பது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் சாய்வும், டயர் தரையைத் தொடும் இடம் ஸ்டியரிங் அச்சுக்குப் பின்னால் இழுபடுவதும்தான். ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஒயில். ஹேண்டில் திரும்பும்போது ஒரு பிஸ்டனோ துடுப்பு மாதிரியான ஒரு தகடோ அந்த ஒயிலைச் சின்னத் துவாரத்துக்குள்ளால் தள்ளுகிறது. மெதுவாகத் திருப்பினால் ஒயில் இலகுவாகப் போய்விடும், கைக்குத் தடை தெரியாது. சடாரென்று திரும்பினால் ஒயிலுக்குப் போக நேரமில்லை, தடை பல மடங்காகும். கிணற்றுத் தண்ணீரில் கையை மெல்ல அசைப்பதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். உங்கள் கை திருப்புவது மெதுவாக. கல் திருப்புவது சடாரென்று. இந்த வித்தியாசத்தை அறிந்து வேலை செய்வதால்தான் இந்தச் சாமானுக்கு மதிப்பு.

பழைய பிஎஸ்ஏ, ட்ரயம்ப், நோர்ட்டன் வண்டிகளில் ஹேண்டிலுக்கு நடுவில் ஒரு குமிழ் இருக்குமே, அதுவும் ஒரு ஸ்டெபிலைசர்தான். ஆனால் அது உராய்வுத் தட்டுகளை வைத்து இறுக்குவது. மெதுவாகத் திருப்பினாலும் வேகமாகத் திருப்பினாலும் ஒரே தடை. அதனால் ஆமை வேகத்தில் போகும்போது அதை இறுக்கிவைத்தால் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடும். இரண்டு சக்கர வண்டியை மெதுவாக ஓட்டும்போது நாம் விழாமல் இருப்பது ஹேண்டிலை விடாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருப்பதால். அந்தத் திருத்தத்தைத் தடுக்கும் எதுவும் கெட்டது. ஹொண்டா 2004 சிபிஆர் 1000 ஆர்ஆர் வண்டியில் வைத்த மின்னணு ஸ்டெபிலைசர், மெதுவாகப் போகும்போது தளர்ந்து, வேகம் கூடும்போது இறுகும்படி செய்யப்பட்டது. கொம்பனிக்காரரே மெதுவான ஓட்டத்தில் தடை வேண்டாம் என்று இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்றால் நாம் யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் நோய். இங்கே ஓடும் பஜாக்கள் பெரும்பாலும் ஜப்பானில் பாவித்து வந்தவை, ஏறக்குறைய இருபது வயதோ அதற்கு மேலோ ஆனவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு வருடக்கணக்காக, இருக்கிற வண்டியையே எல்லோரும் ஓட்டித் தேய்த்தோம். அதற்குள் எத்தனையோ கை மாறியிருக்கும். இப்படி ஒரு வண்டி ஹேண்டில் ஆடுகிறது என்று வந்தால் நான் முதலில் கை வைப்பது ஸ்டியரிங் கோன் செட்டில்தான், அதாவது ஹேண்டிலும் போர்க்கும் திரும்பும் சேசிஸின் கழுத்துக்குள் இருக்கும் பெயரிங்குகளில். எஞ்சினுக்கு அடியில் ஒரு பலமான பெட்டியை வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, நீங்கள் முன்னால் குந்தியிருந்து போர்க்கின் கீழ்நுனிகளை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். டக் டக்கென்று சின்ன ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை ஒற்றை விரலால் மெல்ல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருப்புங்கள். சரியாக நேரே வரும் இடத்தில் ஒரு குழியில் விழுகிற மாதிரி பிடித்து நின்றால், பெயரிங் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்துவிட்டது. இறுக்கினாலும் சரிவராது, மாற்றத்தான் வேண்டும்.

இதில் நம்மூர்க்காரரைப் பிடித்த இரண்டு சனியன்கள் உண்டு. ஒன்று வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டி மாதிரி கடலோர உப்புக் காற்று. மற்றது பொடி வோஷ். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீரை நேராகக் கழுத்துக்கு அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவுப்பட்டுத் தண்ணீர் தங்கிவிடும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் சேறு போகக் கழுவுகிற கவனமான பையன்களின் வண்டியில்தான் கழுத்துப் பெயரிங் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. கழுவுங்கள், கழுத்தையும் சக்கர அச்சையும் விட்டுக் கழுவுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருவர், வேறிடத்தில் வாங்கிய நல்ல வட்ட ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டித் தரச் சொன்னார். ஆட்டம் இருக்கிறது என்று சொன்னார். நான் கோனைப் பார்க்காமலே பூட்டிக்கொடுத்தேன். ஆட்டம் நின்றது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஏழெட்டு மாதம் கழித்து பிரேக் பிடிக்கும்போது முன்னால் இடிக்கிறது என்று வந்தார். கழற்றிப் பார்த்தால் கீழ்ப் பெயரிங்கின் குண்டுகள் நொறுங்கியிருந்தன. அந்த ஆட்டம் எங்களுக்கு முதலே சொன்ன செய்தியை ஸ்டெபிலைசர் அமுக்கிவைத்திருந்தது. அவர் விழவில்லை என்பது கடவுள் செயல். அன்றிலிருந்து கோனைத் திறந்து பார்க்காமல் நான் ஸ்டெபிலைசர் பூட்டுவதில்லை.

கோன் சரியாக இருந்தால் அடுத்தது நீங்கள் பின்னால் கட்டும் சுமை. இதை உங்கள் கேள்வியில் ஒரு சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கோ அதில்தான் அதிகச் சந்தேகம். கூடாரம், அடுப்பு, தண்ணீர் என்று பின் அச்சுக்கும் பின்னால் 15 கிலோ தொங்கினால், அது நெம்புகோல் மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும். பின் ஷொக் இறங்கும், முன்னால் பாரம் குறையும், ஹேண்டில் லேசாகும். அக்சிலேட்டரை விடும்போது 80இலிருந்து 60க்கு இறங்குகிற அந்த இடைவெளி, முன் சக்கரம் படபடப்பதற்குப் பேர்போன வேகம். அடுத்த ஞாயிறு அதே றோட்டில் ஒரு சாமானும் கட்டாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஆட்டம் காணாமல் போனால் பாதி விடை கிடைத்துவிட்டது. பார்ப்பதற்காகக் கையை மட்டும் ஹேண்டிலிலிருந்து எடுக்காதீர்கள்.

ஷொக் எவ்வளவு இறங்குகிறது என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்கிப் பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே மட்காட்டில் ஓர் அடையாளம் வரை அளவெடுங்கள். பிறகு நீங்கள் ஹெல்மெட், சப்பாத்து எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்து, இன்னொருவரைக் கொண்டு அதே இடத்தை அளந்து கழியுங்கள். முழு அசைவில் மூன்றிலொரு பங்கு இறங்கலாம் என்பது பொதுக் கணக்கு. 300 மில்லிமீற்றர் அசைவுள்ள மோட்டோகுரோஸ் வண்டியில் 100 என்று வைப்பது அதனால்தான். உங்கள் வண்டியில் மூன்றிலொன்றை விட மிக அதிகமாக இறங்கினால் ஸ்பிரிங்கை இறுக்குங்கள். கொஞ்சம்கூட இறங்காவிட்டால் அதுவும் பிழை, பின்பக்கம் உயர்ந்து போர்க் நிமிர்ந்து ஹேண்டில் பதற்றமாகும். முன்னிருந்தவர் சீக்கிரம் திரும்பட்டும் என்று போர்க் குழாய்களை மேல் கிளாம்புக்கு மேலே தள்ளிவிட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். அதுவும் அதே பதற்றத்தைத் தரும்.

டயர், ரிம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்போக் கம்பிகளை ஒரு ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள், மங்கிய சத்தம் வருவது தளர்ந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் பக்கவாட்டில் 2 மில்லிமீற்றருக்கு மேல் ஆடுகிறதா பாருங்கள். முன் டயரின் பல்லுகள் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் கூராக நின்றால் அந்த டயர் தார் றோட்டில் படபடக்கத்தான் செய்யும். கல்லுக்கு இறக்கிய காற்றை மறந்துபோய் அதோடேயே தார் றோட்டில் வீட்டுக்கு வருபவர்களும் நிறைய.

இவ்வளவையும் பார்க்காமல் ஸ்டெபிலைசரை இறுக்கி ஆட்டத்தை அடக்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது அறிவியலாகவே நிறுவப்பட்டது. இரண்டு சக்கர வண்டிக்கு இரண்டு விதமான ஆட்டம் உண்டு. ஒன்று முன் சக்கரமும் ஹேண்டிலும் மட்டும் செக்கனுக்கு 6 முதல் 10 தடவை அடிப்பது. உங்களுடையது இதுதான் என்று உங்கள் விவரிப்பிலிருந்து தோன்றுகிறது. மற்றது முழு வண்டியும் செக்கனுக்கு 2 முதல் 4 தடவை பாம்பு மாதிரி நெளிவது, பொதுவாக அதிக வேகத்தில். 1971இல் பிரித்தானியப் பொறியியலாளர் ரொபின் ஷார்ப் இந்த ஆட்டங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டினார். ஸ்டியரிங்கில் தடையைக் கூட்டினால் முதலாவது அடங்கும், இரண்டாவது மோசமாகும் என்பதும் அவருடைய கணக்கில் வந்தது. பின்னால் சுமை கட்டிய வண்டியில் ஸ்டெபிலைசரை முழுக்க இறுக்கிக்கொண்டு 100இல் போகிறவர், ஒரு ஆட்டத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறார். நெளிவு தொடங்கினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து நிறுத்த முடியாது.

இப்போது பெருவிரல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஸ்டெபிலைசர் உண்மையாகவே உதவும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கல், மரவேர், காய்ந்த சேற்றில் பதிந்த ட்ரக்டர் தடம் இவையெல்லாம் 21 அங்குலச் சக்கரத்தை ஒரு நொடிக்குள் பக்கத்துக்குத் தள்ளுகின்றன. நம் கை அதற்குப் பதில் கொடுப்பதற்குள் ஹேண்டில் போய்விட்டிருக்கும். நல்ல ஸ்டெபிலைசர் அந்த முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒரு முழுநாள் கல்லுப் பாதையில் ஓட்டிவிட்டு மாலையில் முன்கை வலிக்காமல் இருப்பதில்தான் அதன் அருமை தெரியும். களைத்த கைதான் கடைசி மணித்தியாலத்தில் விழுத்துகிறது. மணலிலும் உதவும். மன்னாரிலும் மணல்காட்டிலும் முன் சக்கரம் மணலை வெட்டிக்கொண்டு மடங்கப் பார்க்கும்போது, அந்த மடங்கலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆனால் மணலில் உங்களைக் காப்பாற்றுவது உடம்பைப் பின்னால் சாய்த்து, முழங்காலால் டாங்கைப் பிடித்து, அக்சிலேட்டரை விடாமல் இருப்பதுதான். அது வராதவருக்கு எந்தச் சாமானும் மணலைக் கற்றுக்கொடுக்காது.

சரி, எந்த வகை? கடையில் உங்களுக்குக் காட்டியது நீளக் குழாய் வகை. ஒரு நுனி சேசிஸிலும் மறு நுனி போர்க் குழாயில் ஒரு வளையத்திலும் பூட்டப்படும். அந்த வடிவமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2008 சிஆர்எஃப் 450 ஆர் மோட்டோகுரோஸ் வண்டியில் ஹொண்டா அதைப்போன்ற ஒரு சின்னக் குழாயைத்தான் முன் நம்பர் தகட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது. ஆனால் அது அந்த வண்டியின் கழுத்துக்கும், அந்த வண்டி எவ்வளவு திரும்பும் என்பதற்கும் அளவெடுத்துச் செய்தது. எந்த பைக்குக்கும் பொருந்தும் என்று விற்கப்படுகிற குழாய் பெரும்பாலும் தார் றோட்டு வேக வண்டிகளை நினைத்துச் செய்யப்பட்டது. அந்த வண்டிகளின் ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும். ட்ரெயில் பைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திரும்பும். பிஸ்டன் கம்பியின் நீளம் போதாமல், ஹேண்டில் தன் எல்லையைத் தொடுவதற்கு முன் குழாய் தன் எல்லையைத் தொட்டுவிட்டால் என்ன நடக்கும்? ஒரு கொண்டை ஊசி வளைவில் நீங்கள் முழுக்கத் திருப்பப் போகும்போது ஹேண்டில் பாதியில் நின்றுவிடும். நுவரெலியாப் பக்கத்து எஸ்டேட் றோட்டில் ஒரு பையன் அப்படித்தான் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தான். தேயிலைச் செடி பிடித்துக்கொண்டது. குழாயின் கம்பி வளைந்து, ஹேண்டில் நேராகவும் வராமல் சிக்கி நின்ற நிலையில் அந்த வண்டியை லொறியில் என் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே அந்தக் குழாயை உங்கள் பஜாவுக்கு வாங்காதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வட்ட வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள் அமெரிக்காவின் ஸ்கொட்ஸ், ஜிபிஆர், அவுஸ்திரேலியாவின் எம்எஸ்சி. ஸ்கொட்ஸ் சாமானைச் செய்வது சுவீடனின் ஓலின்ஸ். இவற்றை வாங்கும்போது நான் பார்க்கும் முதல் குணம், ஹேண்டில் நடுவிலிருந்து வெளியே போகும்போது மட்டும் தடுக்கிறதா, திரும்பி நடுவுக்கு வரும்போதும் தடுக்கிறதா என்பது. கல்லுப் பாதையில் வெளியே போவதைத் தடுத்து, திரும்பி வருவதைத் தடையில்லாமல் விடுவது நல்லது. ஏனென்றால் விழப்போகும் வண்டியை நிமிர்த்த நீங்கள் ஹேண்டிலைச் சடாரென்று நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஸ்கொட்ஸில் அந்த வசதி இருக்கிறது. மெதுவான திருப்பத்துக்கு ஒரு திருகும் சடாரென்ற அடிக்கு வேறொரு திருகும் தனித்தனியாக இருப்பதும் அதில் ஒரு நன்மை. இரண்டு திசையிலும் தடுப்பவையும் பாவிக்கலாம். திறந்த கிரவல் றோட்டில் வேகமாகப் போகிறவர்களுக்கு அதுவே பிடிக்கும். இங்கே சரி பிழை இல்லை, ஓட்டுகிறவரின் ருசிதான். உங்களைப் போல மலையில் மெதுவாக ஏறி இறங்குகிறவருக்கு நான் முதலாவதைச் சொல்வேன்.

விலையைக் கேட்டால் மனம் நோகும். பூட்டுகிற சாமான்களோடு சேர்த்து ஒரு புது ஸ்கொட்ஸ் அமெரிக்காவிலேயே 500 டொலரைத் தாண்டும். அதற்கு மேல் அனுப்பும் கூலி, இங்கே வந்தால் வரி. பஜாவின் கோன் செட்டையும் முன் டயரையும் மாற்றி, பின் ஷொக்கை ரிப்பெயார் செய்தாலும் அந்தக் காசில் மீதி இருக்கும். அதனால்தான் வரிசையை முதலில் சொன்னேன்.

அப்படியும் வாங்குவதென்று முடிவெடுத்தால், ஸ்டெபிலைசரைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது அதைப் பூட்டும் முறையை. வட்ட வகையின் உடல் ஹேண்டில் கிளாம்போடு திரும்பும். அதிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, சேசிஸின் கழுத்தில் நிற்கும் ஓர் ஆணியைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆணி அசையாமல், வண்டியின் நடுக்கோட்டில் அச்சொட்டாக நிற்க வேண்டும். கைக்கும் ஆணிக்கும் இடையில் ஒரு மயிரளவு தளர்வு இருந்தாலும், ஹேண்டில் நடுவில் கொஞ்சத் தூரம் தடையில்லாமல் ஆடும். ஆட்டம் தொடங்குவதே அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான், ஆகவே அவ்வளவு காசும் வீண்.

ஆணியைக் கழுத்தில் வளையம் போட்டு இறுக்கலாம், அல்லது வெல்டிங் பண்ணலாம். இங்கேதான் தம்பி, உங்கள் பஜாவுக்கென்று ஓர் எச்சரிக்கை. இந்த வண்டி எஞ்சின் ஒயிலைத் தனி டாங்கில் வைப்பதில்லை, சேசிஸ் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கிறது. ஒயில் அளவு பார்க்கும் கம்பி கழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதனால்தான். இது தெரியாத வெல்டிங்காரர் கழுத்தில் நெருப்பு வைத்தால் ஒயில் புகைந்து பற்றலாம், குழாய்க்குள் உதிரும் துகள் ஒயிலோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போகலாம், பிறகு பம்பும் பெயரிங்கும் போய்விடும். நான் பஜாவின் கழுத்தில் வெல்டிங் பண்ண விடமாட்டேன். கழுத்தின் வெளி விட்டத்தை வேர்னியரால் அளந்து, நல்ல லேத் கடையில் இரண்டு பாதியாகப் பிளந்த ஒரு வளையம் கடைந்து, நான்கு போல்ட்டால் இறுக்குவதுதான் என் வழி. அலுமினியத்தில் செய்வதென்றால் தடிப்பாகச் செய்ய வேண்டும், போல்ட் தளராமல் பிடிக்கும் திரெட் லொக் பசை போட வேண்டும், முதல் பயணம் முடிந்ததும் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஹேண்டில் விட்டத்தையும் கவனியுங்கள். பஜாவின் ஹேண்டில் 22.2 மில்லிமீற்றர், இணையத்தில் விற்கும் பூட்டும் சாமான்களில் பல 28.6க்கு என்று வரும். ஹேண்டிலுக்குக் கீழே பூட்டும் முறையில் ஹேண்டில் கொஞ்சம் உயரும். நின்று ஓட்டுகிறவருக்கு அது நன்மை, ஆனால் கிளட்ச் கேபிளும் முன் பிரேக் ஹோஸும் இழுபடாமல் இரண்டு எல்லைக்கும் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். மேலே பூட்டினால் உயரம் மாறாது, ஆனால் விழும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எதிரே ஓர் இரும்பு நிற்கிறது. எனக்குக் கீழே பூட்டுவதுதான் பிடிக்கும்.

பாவித்தது கிடைத்தால் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கலாம், கையில் எடுத்துப் பார்த்தால். கையை மிக மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் தடையே இல்லாமல் வெறுமையாக ஓடினால் உள்ளே காற்றுப் போயிருக்கிறது அல்லது ஒயில் குறைந்திருக்கிறது. திருகை முழுக்கத் தளர்த்தியும் முழுக்க இறுக்கியும் பாருங்கள், வித்தியாசம் கைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மலிவான போலிகளில் திருகு கிளிக் கிளிக்கென்று அழகாகச் சத்தம் போடும், உள்ளே ஒன்றும் மாறாது. தண்டைச் சுற்றி ஒயில் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது.

பூட்டியதும் கராஜை விட்டு வெளியே போகுமுன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். சேசிஸின் எல்லைக் கட்டையில் முட்டித்தான் நிற்க வேண்டும், ஸ்டெபிலைசரில் அல்ல. ஓட்டத் தொடங்கும்போது திருகை முழுக்கத் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரே துண்டுப் பாதையை எடுத்து, இரண்டு கிளிக் கூட்டி ஒரு தடவை, இன்னும் இரண்டு கூட்டி ஒரு தடவை என்று ஓட்டுங்கள். நடை வேகத்தில் வண்டி தள்ளாடத் தொடங்கினால், அல்லது வளைவில் ஹேண்டிலைத் தள்ளித் திருப்ப வேண்டியிருந்தால், கூடிவிட்டது, இரண்டு கிளிக் குறையுங்கள். என் அனுபவத்தில் அநேகமானோர் தேவைக்கு மேல் இறுக்கித்தான் ஓட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியது கைக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை. சரியாக வைத்த ஸ்டெபிலைசர் இருப்பதே தெரியாது. காலி வீதி நெரிசலில் ஓட்டோக்களுக்கு நடுவில் புகுந்து வரும்போது அதைத் தளர்த்திவிடுவதும் பழக்கமாக இருக்கட்டும்.

பெருவிரல் பற்றி ஒன்று. சுளுக்கு விரலோடு அடுத்த பயணத்துக்கு அவசரப்பட வேண்டாம். மாதமாகியும் பிடிக்கும்போது வலி இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், அது என் தொழில் அல்ல. ஓட்டும்போது ஹேண்டிலை முஷ்டி பிடிக்காமல், முழங்கையைக் கொஞ்சம் வெளியே மடித்துப் பிடித்தால் அடி விரலில் இறங்காமல் தோளுக்குப் போகும்.

இந்தக் கிழமை கோனைப் பாருங்கள், ஷொக்கை அளந்து பாருங்கள், சுமை இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பிறகு மூன்று விஷயம் எழுதுங்கள்: ஹேண்டில் நடுவில் குழியில் விழுகிறதா, நீங்கள் ஏறினால் பின்பக்கம் எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது, சுமையோடு எத்தனை, சுமையில்லாமல் 80இலிருந்து அக்சிலேட்டரை விட்டபோது ஆட்டம் இருந்ததா. கழுத்தின் வெளி விட்டத்தையும் அளந்து போட்டால், வளையம் கடைவதற்கான படத்தை நான் வரைந்து தருகிறேன்.